மௌனமும் மெல்லோசையும்



நம் வாரக் கூட்டங்களில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்தபின், சில நிமிடங்கள் யாவரும் பேச்சின்றி அமர்வது வழக்கம். அந்தச் சில நிமிடங்கள் எதற்காக என்று வாலிபர் கேட்பதுண்டு. அவர்கள் கேள்வி நியாயமானதே. தலைமுறை தலைமுறையாக வாய் திறவாதே என்று அடக்கி வைக்கப்பட்ட மக்கள் நாம். தெருவில் நடக்கும்போதும், கூலி கேட்கும்போதும், நம் முன்னோர் தம் குரலை ஒடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அத்தகையோர் தம்மத்தைத் தழுவிப் பேசும் உரிமையை உணர்ந்தபின், மறுபடியும் மௌனத்தைப் புகழ்வானேன்?

இக்கேள்விக்கு விடை கூறாமல் மௌனத்தின் இன்பத்தைப் பற்றிப் பேசுவது பயனற்றது. ஆகவே இப்பாடத்தில், மௌனம் என்பது யாது, அது ஏன் முதலில் அச்சம் தருகிறது, மெல்லிய ஓசைகள் ஏன் உள்ளத்தை ஆற்றுகின்றன, பகவான் ஏற்ற மௌனம் எது, அவர் மறுத்த மௌனம் எது என்பவற்றை வரிசையாக ஆராய்வோம்.

1. சொற்களும் பொருளும்

இப்பொருளுக்குத் தமிழில் வழங்கும் சொற்களே நமக்கு முதற்பாடம். அமைதி என்பது 'அமை' என்னும் வினையடியாகப் பிறந்த சொல். அமைதலாவது, ஒன்று தனக்குரிய இடத்தில் பொருந்தி நிற்றல். ஆதலின் அமைதி என்பது ஓசை இல்லாமை மட்டும் அன்று. அலையும் உள்ளம் தன்னிடத்தில் பொருந்தி நிற்பதே அமைதி. மௌனம் என்பது முனி என்னும் வடசொல்லின் வழி வந்தது. முனிவர்க்குரிய நிலை என்பது அதன் பொருள்.

பாலி மொழியில் பேசாதிருத்தலைத் 'துண்ஹீபாவம்' என்பர். அதனினும் உயர்ந்ததை 'அரிய துண்ஹீபாவம்' என்பர். அரிய என்னும் பாலிச் சொல்லே வடமொழியில் ஆரிய என வருவது. இதனை ஓர் இனத்தின் பெயராகக் கொண்டு நம்மவர் மயங்கலாகாது. பிறப்பினால் வரும் பெருமையைப் பகவான் மறுத்தார். ஒழுக்கத்தால் வரும் மேன்மையையே அச்சொல்லால் குறித்தார். ஆகையால் இங்கு அதனை 'மேன்மௌனம்' என்று வழங்குவோம்.

இன்னும் ஒரு சொல் உண்டு. அரவம் என்பது ஓசைக்கும் பெயர், பாம்புக்கும் பெயர். இரவில் கொல்லைப்புறத்தில் சருகு சரசரக்குமாயின், கேட்டது ஓர் அரவம். ஆனால் வந்ததும் அரவமோ என்று நெஞ்சு துடிக்கிறது. அதே சரசரப்பைப் பகலில் வேப்பமரத்தடியில் கேட்பவன் கண் மூடி இளைப்பாறுகிறான். ஓசையில் வேறுபாடு இல்லை. கேட்கும் உள்ளத்தில்தான் வேறுபாடு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே வருவன யாவும் எளிதில் விளங்கும்.

2. அரசன் அஞ்சிய மாந்தோப்பு

தீக நிகாயத்தின் இரண்டாம் சூத்திரமாகிய சாமஞ்ஞபல சூத்திரம் ஓர் இரவுக் காட்சியுடன் தொடங்குகிறது. மகத நாட்டரசன் அஜாதசத்து, தந்தையாகிய பிம்பிசாரனைக் கொன்று அரியணை ஏறியவன். கார்த்திகை மாதத்து முழுநிலா இரவில், இராஜகிருகத்து அரண்மனை மேல்மாடத்தில் அமைச்சர் சூழ அமர்ந்திருக்கிறான். நிலவின் அழகைப் புகழ்கிறான். தன் உள்ளத்துக்கு அமைதி தரவல்ல பெரியார் ஒருவரை அவ்விரவில் காண வேண்டும் என்கிறான். அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக அக்காலத்து ஆசிரியர்களின் பெயர்களைச் சொல்கின்றனர். அரசன் எதற்கும் மறுமொழி கூறவில்லை. அருகில் வைத்தியன் ஜீவகன் மட்டும் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்கிறான். நீ ஏன் பேசவில்லை என்று அரசன் அவனையே கேட்கிறான். பிறகுதான் ஜீவகன், தன் மாந்தோப்பில் பகவான் 1,250 பிக்குகளுடன் தங்கியிருப்பதைத் தெரிவிக்கிறான்.

அரசன் யானைமேல் ஏறி, தீவட்டிகள் ஒளிர, பெரும் பரிவாரத்துடன் புறப்படுகிறான். தோப்பை நெருங்கியதும் அவனுக்கு உடல் நடுங்குகிறது, மயிர்க்கூச்செறிகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கும் இடத்தில் ஒரு தும்மல் இல்லை, ஓர் இருமல் இல்லை, பேச்சொலி இல்லை. ஜீவகன் தன்னைப் பகைவர் கையில் காட்டிக்கொடுக்க அழைத்து வந்தானோ என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுகிறான். ஜீவகன், அஞ்ச வேண்டாம், அதோ மண்டபத்தில் விளக்குகள் எரிகின்றன, முன்னே செல்லலாம் என்று தேற்றுகிறான். உள்ளே சென்று, தெளிந்த ஏரியைப் போல அமர்ந்திருக்கும் சங்கத்தைக் கண்டதும் அரசனுக்குத் தோன்றும் முதல் எண்ணம் யாது? தன் மகன் உதாயிபத்தனுக்கும் இவ்வமைதி வாய்க்க வேண்டும் என்பதே.

இதனை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். மாந்தோப்பில் இருந்தது ஒரே மௌனம்; அரசன்தான் அதனை இரண்டாகக் கேட்டான். வெளியே நின்றபோது அது பதுங்கிய பகைவரின் மௌனமாகத் தோன்றியது. உள்ளே சென்றபோது அஞ்சாதவர்களின் மௌனமாக விளங்கியது. தந்தையைக் கொன்றவனுக்கு இருளும் மௌனமும் சேர்ந்தால் துணை ஏது? அவன் படையும் யானையும் அவ்வச்சத்தைத் தடுக்கவில்லை.

3. மௌனம் ஏன் முதலில் அச்சுறுத்துகிறது

அச்சம் பாவியர்க்கே உரியது என்று எண்ணி விடலாகாது. மஜ்ஜிம நிகாயத்தின் நான்காம் சூத்திரமாகிய பயபேரவ சூத்திரத்தில், போதி பெறுமுன் தாம் காட்டில் தனித்திருந்த இரவுகளைப் பகவானே எடுத்துரைக்கிறார். ஒரு மான் அருகே வரும். ஒரு மயில் சுள்ளியை முறித்துக் கீழே தள்ளும். காற்று உதிர்ந்த இலைகளை அசைக்கும். அப்போதெல்லாம், இதோ வருவது அந்த அச்சமே என்று அவருக்குத் தோன்றும். அவர் ஓடவில்லை, நடந்துகொண்டிருக்கையில் அச்சம் வந்தால், அது நீங்கும்வரை நிற்கவும் அமரவும் செய்யாமல் நடந்தே அதனை வென்றார், அமர்ந்திருக்கையில் வந்தால் அமர்ந்தே வென்றார். எந்நிலையில் அச்சம் வந்ததோ அந்நிலையிலேயே அதனை அடக்கினார் என்க.

இக்காலத்து ஆராய்ச்சியும் இதற்குச் சான்று தருகிறது. 2014ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் அமெரிக்க விஞ்ஞான இதழில் ஒரு சோதனை வெளியாயிற்று. பங்கு பெற்றோரை ஒருவர் ஒருவராக வெற்றறையில் 15 நிமிடம் தம் எண்ணங்களோடு மட்டும் இருக்கச் செய்தனர். விரும்பினால் தமக்குத் தாமே சிறு மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்தனர். அவ்வதிர்ச்சியைத் தவிர்க்கப் பணம் கொடுக்கவும் தயார் என்று முன்னர்ச் சொன்னவர்கள் அவர்கள். எனினும் 18 ஆடவருள் 12 பேரும், 24 பெண்டிருள் 6 பேரும் அப்பொத்தானை அழுத்தினர். சும்மா இருப்பதைவிட வலியே மேல் என்று அவர்களுக்குத் தோன்றிற்று.

ஆதலால், கூட்டத்தில் மௌனமாக அமரும்போது இருப்புக் கொள்ளாமல் நெளிபவர் தம்மைத் தாமே இகழ வேண்டுவதில்லை. வெளியோசை அடங்கும்போது உள்ளே உள்ள ஓசை கேட்கத் தொடங்குகிறது. கொடுக்க வேண்டிய கடன், மகன் படிப்பு, யாரோ சொன்ன சுடுசொல், பழைய அவமானம் யாவும் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றை மௌனம் உண்டாக்கவில்லை. முன்பே இருந்தவற்றைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே.

4. மெல்லோசை ஏன் ஆற்றுகிறது

முழு மௌனத்தில் நேரே இறங்க இயலாதார்க்கு இயற்கையே ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறது. மெல்லோசைகளே அப்படிக்கட்டு.

முதலில் ஓர் உண்மையை அறிக. உயிருள்ளவனுக்கு ஓசையே இல்லாத இடம் கிடையாது. ஜான் கேஜ் என்னும் அமெரிக்க இசையாசிரியர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எதிரொலி சிறிதும் எழாதபடி அமைத்த அறையினுள் சென்றார். அங்கும் இரண்டு ஓசைகளைக் கேட்டார்; ஒன்று மேற்சுரம், மற்றொன்று கீழ்ச்சுரம். வெளியே வந்து விசாரித்தபோது, முன்னது நரம்பு மண்டலத்தின் ஓசை, பின்னது இரத்த ஓட்டத்தின் ஓசை என்று அங்கிருந்த பொறியாளர் விளக்கியதாக அவர் பின்னர்ச் சொன்னார். 1952இல் அவர் அரங்கேற்றிய ஒரு படைப்பில் பியானோ வாசிப்பவர் 4 நிமிடம் 33 விநாடி ஒன்றும் வாசிப்பதில்லை. அரங்கத்தில் தாமே எழும் ஓசைகளே அங்கு இசை. ஜப்பானியப் பௌத்த அறிஞர் டி. டி. சுசுகியின் சொற்பொழிவுகளைக் கேட்டுத் தெளிவு பெற்றவர் கேஜ் என்பதையும் நம்மவர் அறிய வேண்டும்.

ஆகவே மௌனத்தை விரும்புகிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, ஓசையற்ற வெறுமையை அவர் விரும்புவதில்லை; தம்மை அதட்டாத ஓசையையே விரும்புகிறார். இதற்குக் காரணம் செவியின் இயல்பில் இருக்கிறது. கண்ணுக்கு இமை உண்டு. செவிக்கு இமை இல்லை. உறங்கும்போதும் அது காவல் காக்கிறது. திடீரென எழும் ஓசை, அணுகிவரும் ஓசை, பொருள் விளங்காத கூச்சல் ஆகியவற்றைக் கேட்டதும் உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகிறது. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன. மெல்ல எழுந்து மெல்ல அடங்கி, இனி என்ன வரும் என்று முன்னரே தெரியும்படி ஒழுங்காக வரும் ஓசையோ, காவல் காக்கும் செவிக்கு, ஆபத்து இல்லை, இளைப்பாறு என்று சொல்வது போன்றது. விடாது பெய்யும் மழை இதற்கு மேலும் ஓர் உதவி செய்கிறது. தெருவின் திடீர் ஓசைகளைத் தன்னுள் மறைத்துவிடுகிறது. மழை இரவில் நன்றாக உறங்குகிறோம் என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓசையின் அளவை டெசிபல் என்னும் அளவையால் குறிப்பர். செவிக்கு எட்டும் மிக மெல்லிய ஓசை 0. இலைகளின் சலசலப்பு சுமார் 20. காதோடு பேசும் பேச்சு சுமார் 30. சாதாரண உரையாடல் சுமார் 60. இவ்வளவையில் 10 கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நல்லுறக்கத்திற்குப் படுக்கையறையின் ஓசை 30 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. நெருக்கமான தெருக்களில் வாழும் நம்மவர்க்கு இது எத்துணை அரிய செல்வம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மெல்லோசையை நாடி மக்கள் இன்று கைப்பேசியையும் துணைக்கொள்கின்றனர். கிசுகிசுப்பு, ஏடு புரட்டல், தூரிகை உரசல், தலை சீவுதல் ஆகிய ஓசைகளைக் கேட்கும்போது சிலருக்கு உச்சந்தலையிலிருந்து முதுகு வரை ஓர் இனிய சிலிர்ப்பு பரவுகிறது. இதற்கு 2010இல் ஏ.எஸ்.எம்.ஆர். என்று பெயரிட்டனர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இச்சிலிர்ப்பு உடையவர்க்கு அவ்வேளையில் இதயத் துடிப்பு நிமிடத்திற்குச் சராசரியாக 3 அளவு குறைந்தது காணப்பட்டது. இச்சிலிர்ப்பு எல்லார்க்கும் உண்டாவதில்லை. ஒருவரை உறங்க வைக்கும் ஓசை மற்றொருவருக்கு எரிச்சல் மூட்டுவதும் உண்டு. ஆகவே இதுவே நல்ல ஓசை என்று பிறர்மேல் சுமத்துவது தகாது.

தமிழில் இம்மெல்லோசைகளுக்கு எத்தனை இரட்டைக் கிளவிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். நீர் சலசலக்கிறது, பட்டு சரசரக்கிறது, கொலுசு கலகலக்கிறது, குழந்தை காதில் குசுகுசுக்கிறது. கைப்பேசி இல்லாமலே நம் இல்லங்களில் இவை நாள்தோறும் கிடைக்கின்றன. விடியலில் வாசல் பெருக்கும் துடைப்பத்தின் ஓசை, முறத்தில் அரிசி புடைக்கும் ஓசை, கொதிக்கும் உலைநீரின் ஓசை, உறங்கும் குழந்தையின் மூச்சு, தாய் மகளுக்குத் தலை வாரும் சீப்பின் ஓசை ஆகிய இவை எல்லாம் வேலையின் ஓசைகள், அன்பின் ஓசைகள். இவ்வில்லத்தில் இப்பொழுது தீங்கு ஒன்றும் இல்லை என்பதை இவை சொல்லாமற் சொல்கின்றன.

பௌத்தம் வேரூன்றிய ஜப்பான் நாட்டில் இவற்றைப் போற்றிக் காக்கும் வழக்கம் சிறப்பாக உண்டு. அங்குச் சில தோட்டங்களில் கைகழுவும் கல்தொட்டியின் அருகே ஒரு மண்சாடியைக் கவிழ்த்துப் புதைத்து, அடியில் ஒரு துளையிட்டு வைப்பர். கழுவிய நீர் அத்துளை வழியே சொட்டுச் சொட்டாக உள்ளே விழும்போது, யாழ் மீட்டியது போன்ற மெல்லோசை எழும். இதனைச் சுய்கின்கூட்சு என்பர். கியோத்தோ நகரில் ஒரு விகாரை, ஆண்டு முழுவதும் சில்வண்டு போன்ற ஒருவகைப் பூச்சிகளை வளர்த்து, வருவோர்க்கு அவற்றின் மணியோசையைக் கேட்கச் செய்கிறது. 1996இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை, காக்கத்தக்க ஓசைகள் என நாடெங்கிலுமிருந்து 100 இடங்களின் ஓசைகளைத் தேர்ந்து அறிவித்தது. விகாரை மணிகளும், அலைகளும், பூச்சிகளும், பறவைகளும் அப்பட்டியலில் இடம்பெற்றன. ஓசையையும் ஒரு பொதுச் சொத்தாக எண்ணிய செயல் அது.

மெல்லோசையைவிட, அது நின்றபின் வரும் மௌனம் இன்னும் இனிது. 2006இல் 'ஹார்ட்' என்னும் மருத்துவ இதழில் இத்தாலிய ஆராய்ச்சியாளர் ஒரு முடிவை வெளியிட்டனர். 24 பேருக்குப் பலவகை இசையைக் கேட்பித்து, நடுவே 2 நிமிட மௌனம் வைத்தனர். அந்த இடைவெளியில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சும், இசை தொடங்குமுன் இருந்த அளவினும் தாழ்ந்தன. தியானத்தின் தொடக்கத்தில் மணியைத் தட்டி, அதன் நாதம் தேய்ந்து மறையும்வரை கேட்கும் வழக்கத்தின் பயனை இதனால் உணரலாம். ஓசையைப் பற்றிக்கொண்டு செல்லும் செவி, ஓசை மறைந்த இடத்தில் தானே நின்றுவிடுகிறது. எழுவது யாவும் மறையும் என்னும் அநித்திய உண்மையை மணியோசை ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

5. பகவான் மறுத்த மௌனம்

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம்.

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. கோசல நாட்டில் சில பிக்குகள் மழைக்காலத்தை ஒன்றாகக் கழிக்க வந்தனர். சண்டை சச்சரவு இல்லாமல் இருப்பதெப்படி என்று ஆலோசித்து, ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்று முடிவு செய்தனர். முதலில் திரும்புபவர் இருக்கை இட்டு நீர் வைப்பார். குடம் வெறுமையாகக் கண்டவர் நிரப்புவார். தனியே தூக்க இயலாவிட்டால் கையால் சைகை காட்டி இன்னொருவரைத் துணைக்கு அழைப்பார். இப்படியே மூன்று மாதமும் கழிந்தது. பின்னர்ப் பகவானைக் கண்டு இதனைப் பெருமையாகக் கூறினர். பகவான் பாராட்டவில்லை, கடிந்துகொண்டார். ஆடுமாடுகள் ஒன்றாகக் கிடப்பது போலக் கிடந்துவிட்டு, இன்பமாக வாழ்ந்தோம் என்று சொல்கிறீர்களே என்றார். ஊமை விரதம் பூணலாகாது என்று விதித்தார். மழைக்கால முடிவில் ஒவ்வொருவரும், என்னிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றம் உண்டாயின் கூறுங்கள் என்று சங்கத்தை வேண்டும் பவாரணை என்னும் முறையையும் அப்போதே ஏற்படுத்தினார்.

இதனோடு மஜ்ஜிம நிகாயத்துச் சூளகோசிங்க சூத்திரத்தை ஒப்பிடுக. அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் கோசிங்க சாலவனத்தில் வாழ்கின்றனர். அங்கும் இதே ஏற்பாடு. இருக்கை இடுவதும், குடம் நிரப்புவதும், கைச்சைகையால் துணைக்கு அழைப்பதும் அப்படியே. ஆனால் இவர்களைப் பகவான் மகிழ்ந்து பாராட்டுகிறார். வேறுபாடு எங்கே? இம்மூவரும் ஐந்து நாளுக்கு ஒருமுறை இரவு முழுவதும் அமர்ந்து தம்மத்தைப் பற்றி உரையாடினர். பாலும் நீரும் போல ஒருமனப்பட்டு, ஒருவரை ஒருவர் அன்புக் கண்ணால் நோக்கினர். கோசலத்துப் பிக்குகளோ சண்டைக்கு அஞ்சிப் பேச்சை அடைத்தனர்.

ஆகவே அளவுகோல் இதுதான்: உண்மை பேச இடமளிக்கும் மௌனம் மேன்மௌனம், உண்மையை விழுங்கும் மௌனம் ஊமை விரதம். பிக்குகள் கூடுமிடத்தில் ஆற்றத்தக்கவை இரண்டே, தம்ம உரையாடல் அல்லது மேன்மௌனம் என்று அரியபரியேசன சூத்திரத்தில் பகவான் கூறியதும் இக்கருத்தே. இரண்டும் ஒன்றையொன்று தாங்குவன. (ஈண்டு ஊமை என்றது இயற்கையில் பேச்சு வாராதாரை அன்று. அவர்கள் கையால் பேசுகின்றனர். அவர்களுடைய மொழியும் மொழியே. வாய் இருந்தும் உண்மையை மறைப்பதையே பகவான் கடிந்தார்.)

இதனை நம் வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பாபாசாகேப் அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் தொடங்கிய முதல் இதழுக்கு 'மூக்நாயக்' என்று பெயரிட்டார். பேச்சற்றவர்களின் தலைவன் என்பது அதன் பொருள். 1956இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் தம்மம் தழுவியவர், அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்னரே, நம்மேல் சுமத்தப்பட்ட ஊமை விரதத்தைக் கலைத்தார் என்க. பிறர் நம்மேல் திணித்த மௌனத்தை உடைத்ததும் தம்மமே. நாமாக விரும்பி அமரும் மௌனத்தைக் கற்பிப்பதும் தம்மமே. முன்னதற்கும் பின்னதற்கும் முரண் இல்லை.

வெளியில் ஓசை நின்றுவிட்டால் அமைதி வந்துவிடும் என்பதும் இல்லை. கோலார் தங்கவயல் சுரங்கங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இரவும் பகலும் இரைந்தன. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கு உழைத்தனர். பௌத்த சங்கமும் அங்கு வேர்கொண்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, இரைச்சல் ஓய்ந்தது. அந்த ஓய்வை யாராவது அமைதி என்று கொண்டாடினரா? பிழைப்புப் போன வீட்டில் மௌனம் இளைப்பாறுதல் ஆகாது. உணவும், மானமும், அச்சமின்மையும் உள்ள இடத்தில்தான் மௌனம் இனிக்கும். ஆதலின் பிறருடைய பசிக்கும் அவமானத்திற்கும் எதிராகக் குரல் கொடுப்பதும் அமைதியை வளர்க்கும் பணியே.

6. மௌனம் ஒரு தானம்

மௌனத்தை நாம் பிறர்க்கு அளிக்கவும் இயலும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகள் இயற்றப்பட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தனர். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அளவை அமைதிப் பகுதி என்றனர். அங்குப் பகலில் 50, இரவில் 40. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது. அதே ஆண்டில், சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எம்மதமும் விதிக்கவில்லை என உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது.

இவ்விதி பிற மதத்தார்க்கு மட்டும் என்று எண்ணுவது தவறு. புத்த பூர்ணிமைக்கும், அம்பேத்கர் பிறந்தநாளுக்கும், நம் தெருவில் ஒலிபெருக்கி கட்டும்போதும் இதுவே அளவுகோல். அத்தெருவில் தேர்வுக்குப் படிக்கும் மாணவன் ஒருவன் இருப்பான். இரவுப்பணி முடித்து உறங்கும் தொழிலாளி ஒருவர் இருப்பார். பிரசவித்த தாய் ஒருத்தி இருப்பாள். அவர்கள் பெரும்பாலும் நம்மவரே. ஒலிபெருக்கியின் திருகைச் சிறிது குறைப்பது அவர்களுக்கு நாம் இடும் தானம். பொருள் இல்லாதாரும் இத்தானத்தைச் செய்யலாம்.

இல்லத்திலும் அவ்வாறே. ஓர் அறையில் ஐவர் வாழும் வீட்டில், ஒருவர் மௌனம் காக்க மற்ற நால்வரும் உதவ வேண்டும். ஆனால் ஒன்று: வீட்டுத் தலைவர் தம் தியானத்திற்காக மனைவியையும் குழந்தைகளையும் அதட்டி அடக்குவாராயின், அவர் தம் வீட்டில் ஊமை விரதத்தையே ஏற்படுத்துகிறார். பழைய ஆண்டைகள் நமக்குச் செய்ததை நாம் நம் குழந்தைகளுக்குச் செய்யலாகாது. குழந்தையின் சிரிப்பும் அமைதியைச் சேர்ந்ததே.

7. பயிற்சி

பின்வரும் முறையை வாரத்தில் இரு நாளேனும், உபோசத நாளில் தவறாமலும் கைக்கொள்க.

(அ) விடியற்காலை அல்லது உறங்குமுன் 10 நிமிடம் தேர்ந்துகொள்க. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து வைக்கவும்.

(ஆ) முதுகை நேராக்கி அமர்ந்து, சிறு மணியோ வெண்கலக் கிண்ணமோ ஒருமுறை தட்டி, அவ்வோசை மறையும்வரை கேட்கவும். மணி இல்லாவிடினும் குறை இல்லை. எவர்சில்வர்ச் செம்பும் போதும்.

(இ) பின்னர், கேட்கக்கூடிய ஓசைகளுள் மிகத் தொலைவில் உள்ளதைத் தேடுக. இரயிலோ, காகமோ, யாதாயினும் ஆகுக. பிறகு தெருவின் ஓசை; பிறகு வீட்டின் ஓசை; முடிவில் தன் மூச்சு. இவ்வாறு தொலைவிலிருந்து அருகே வருக.

(ஈ) கேட்ட ஓசையை நல்லது, கெட்டது என்று தீர்ப்பிட வேண்டாம். எழுந்தது, இருந்தது, மறைந்தது என்று மட்டும் அறிக. அடுத்த வீட்டு வானொலியும் இதற்கு விலக்கன்று.

(உ) அச்சமோ துயரமோ எழுமாயின், காட்டில் பகவான் செய்தது போல, அந்நிலையிலேயே சற்றுப் பொறுத்திருக்கவும். தாங்க இயலாத அளவாயின் எழுந்து, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுப் பேசவும். பேச வேண்டியதைப் பேசியபின் வரும் மௌனமே நிலைக்கும்.

(ஊ) பத்து நிமிடம் முடிந்ததும், வீட்டில் உள்ளோரிடம் முதலில் ஓர் இன்சொல் கூறுக. மௌனத்திலிருந்து எழும் முதற்சொல் எப்படிப்பட்டது என்பதே அம்மௌனத்தின் தரத்தைக் காட்டும்.

1969இல் கோயங்கா அவர்கள் இந்தியாவில் தொடங்கிய பத்து நாள் விபஸ்ஸனாப் பயிற்சியிலும் மேன்மௌனம் ஒரு விதி. அங்கும் பயில்வோர் தம்முள் பேசுவதில்லை. ஆனால் ஐயத்தை ஆசிரியரிடமும், தேவையைப் பணியாளரிடமும் சொல்லத் தடையில்லை. பத்தாம் நாளில் பேச்சு மீண்டும் தொடங்குகிறது. வாய்ப்புடையோர் அதனைப் பயின்று வந்து, மற்றவர்க்கும் எடுத்துரைப்பாராக.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. அஜாதசத்து மாந்தோப்பின் வெளியே அஞ்சியதற்கும், உள்ளே மகிழ்ந்ததற்கும் காரணம் யாது?

2. கோசலத்துப் பிக்குகளும் கோசிங்க வனத்து மூவரும் ஒரே விதமாக நடந்தும், முன்னவரைப் பகவான் கடிந்ததும் பின்னவரைப் பாராட்டியதும் ஏன்?

3. உங்கள் இல்லத்தில் உங்கள் உள்ளத்தை ஆற்றும் மெல்லோசை எது? அதே ஓசை வீட்டில் மற்றவர்க்கும் இனிக்கிறதா? கேட்டறிந்து வருக.

4. நம் தெருவில் இன்னும் அச்சத்தினால் பேசாதிருப்பவர் யார்? அவர் பேசுதற்கு நாம் செய்யத்தக்கது யாது?

நான்காம் வினாவுக்கு விடை காணாமல் முதல் மூன்றோடு நிறுத்தலாகாது. வரும் கூட்டத்தில் அதனை முதலில் எடுத்துப் பேசுவோம். பேசி முடித்தபின், யாவரும் ஒன்றாக மௌனமாக அமர்வோம்.